வெளிநாட்டில் பெயர் தெரியாத பாடகருக்கு 2,25,173 டிக்கெட் எப்படி விற்றது?

கேள்வி கேட்டவர் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறார்: "வாஸ்கோ ரோஸி என்ற இத்தாலிய ராக் பாடகரின் ஒரே கச்சேரிக்கு இரண்டேகால் லட்சம் டிக்கெட் விற்றதாகப் படித்தேன். உண்மையா? அப்படிப்பட்ட ஆளை நாம் கேள்விப்பட்டதே இல்லையே, ஏன்? இவர் எப்படி மேலே வந்தார்?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். தன் நாட்டுக்குள் மட்டும் இவ்வளவு பெரிதாக வளர்ந்த ஒருவருடைய பலம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நான் இத்தாலியின் போலோன்யா நகரத்துப் பக்கம் பல வருஷமாக மேடை ஒலியமைப்பு வேலை பார்க்கிறேன். இங்கே கோடைக்காலத்தில் ஊருக்கு ஊர் திருவிழா நடக்கும். வாஸ்கோ பாட்டுகளை மட்டுமே பாடும் குழுக்கள் ஏராளம். அவர்களுக்கு மிக்ஸர் பார்த்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. அவருடைய சொந்தக் குழுவோடு வேலை செய்ததில்லை, அவரோடு பழக்கமும் இல்லை. ஆகவே பாட்டு, மேடை, கூட்டம் பற்றி நான் சொல்வது தொழில் அனுபவம். வாழ்க்கை விவரங்கள் இத்தாலியில் எல்லாரும் அறிந்தவை.

முதலில் அந்த எண்ணைப் பார்த்துவிடலாம். 2017 ஜூலை 1, மோதெனா நகரம், என்ஸோ ஃபெராரி பூங்கா. ஒரு காலத்தில் விமானத் தளமாகவும் கார் பந்தயத் தடமாகவும் இருந்த இடம். வாஸ்கோவின் 40 வருட இசை வாழ்க்கையைக் கொண்டாட நடந்த கச்சேரி அது. விற்ற டிக்கெட் 2,25,173. அந்த ஊரின் மக்கள்தொகையே இரண்டு லட்சத்துக்குக் கீழே என்பதை நினைத்துப் பாருங்கள். இது உறுதி. ஆனால் "உலக சாதனை" என்று சொல்லும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். இலவசக் கச்சேரிகளுக்கு இதைவிடப் பல மடங்கு கூட்டம் வந்திருக்கிறது. ரியோ தெ ஜனேரோ கடற்கரையில் நடந்தவை அதற்கு உதாரணம். அதே ரியோவின் மரக்கானா மைதானத்தில் 1991-இல் நார்வேக் குழுவான ஆ-ஹா 1,98,000 பேர் முன்னால் பாடியதைத்தான் அதுவரை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதுவும் பல குழுக்கள் பாடிய விழாவின் ஓர் இரவு. ஒரே கலைஞருக்காகக் காசு கொடுத்து வந்த கூட்டம் என்ற வரையறைக்குள் 2025 வரை மோதெனாவுக்குத்தான் முதலிடம் இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆள் பிறந்தது 1952 பிப்ரவரி 7, ஸோக்கா என்ற மலைக்கிராமத்தில். மோதெனா மாகாணத்தில், அப்பென்னின் மலைச்சரிவில் இருக்கும் ஊர். அப்பா லாரி டிரைவர், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சிறை முகாமில் அப்பா அடைபட்டிருந்தபோது தன்னைக் காப்பாற்றிய சக கைதியின் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார். பையனைப் பாட்டு வகுப்பில் சேர்த்தது அம்மா. 13 வயதில் மோதெனாவில் நடந்த சிறுவர் பாட்டுப் போட்டியில் 'தங்க வானம்பாடி' பரிசு வாங்கினான். பிறகு போலோன்யாவில் கணக்குப் படிப்பு, பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பு என்று போனது. இதில் எதிலும் பின்னாளைய ராக் நட்சத்திரம் தெரியவில்லை. திருப்பம் வந்தது வானொலியில்.

இத்தாலியில் அதுவரை ஒலிபரப்பு முழுக்க அரசு நிறுவனமான ராய் கையில் இருந்தது. 1970-களின் நடுவில் இளைஞர்கள் சின்னச் சின்ன டிரான்ஸ்மிட்டர்களை வைத்துத் தாங்களே வானொலி தொடங்கினார்கள். 'சுதந்திர வானொலிகள்' என்று பெயர். உள்ளூர் அளவில் அது சட்டப்படி செல்லும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1976-இல். அதற்கு முந்தைய வருஷமே வாஸ்கோவும் நண்பர்களும் ஸோக்காவில் 'புந்தோ ராதியோ' என்ற நிலையத்தைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே ரெக்கார்டு போடுகிறவராக, கேட்பவர்களோடு அரட்டை அடிக்கிறவராகத்தான் அவர் முதலில் தெரிய வந்தார். அவர் பாட்டு எழுதும் முறைக்கு வேர் இங்கேதான் என்பது என் எண்ணம். அந்தக் காலத்து இத்தாலியப் பாடலாசிரியப் பாடகர்கள், ஃபாப்ரிட்ஸியோ தெ அந்த்ரே, ஃப்ரான்செஸ்கோ குச்சீனி போன்றவர்கள், கவிதைக்கு நிகராக எழுதினார்கள். அரசியல் இருக்கும், உருவகம் இருக்கும், உட்கார்ந்து கேட்க வேண்டும். வாஸ்கோ எழுதியது இரவு ஒரு மணிக்கு மைக் முன்னால் ஒருவன் பேசுவது போல இருந்தது. பாதியில் நிற்கும் வாக்கியம், "சரி விடு" என்கிற தோரணை, சும்மா இழுக்கும் ஓசைகள். அவரைப் பாட்டு எழுதி இசைத்தட்டில் கொண்டுவரச் சொல்லித் தூண்டியவர் நண்பர் கயெத்தானோ குர்ரேரி. பின்னால் 'ஸ்தாதியோ' குழுவை நடத்தியவர் இவர்தான்.

முதல் ஆல்பம் 1978-இல் வந்தது, பெரிதாக விற்கவில்லை. இரண்டாவது 1979-இல் வந்தது, அதுவும் ஓடவில்லை. அதே வருஷம் அப்பாவும் போய்விட்டார். ஆனால் அந்த இரண்டாவது ஆல்பத்தில்தான் 'அல்பாகியாரா' இருக்கிறது. இன்றுவரை அவருடைய கச்சேரிகள் அதில்தான் முடியும். ஸோக்காவில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துபோகும் ஒரு பள்ளிப் பெண்ணைப் பார்த்து எழுதியது என்று அவரே சொல்லியிருக்கிறார். சில வருஷம் கழித்து அவளிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லையாம். அந்த நம்பாமையை வைத்து 1983-இல் இன்னொரு பாட்டு எழுதினார்.

இந்தப் பாட்டை மிக்ஸர் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தொடக்கம் மிக மெல்லியது. குரல் கிட்டத்தட்ட பேச்சு. கோஷம் போடத் தோதான பல்லவி கிடையாது. ஒரு பெண் எப்படி மூச்சு விடுகிறாள், எப்படித் தலைகுனிந்து நடக்கிறாள், தன் அறையில் தன் நினைவுகளோடு எப்படி இருக்கிறாள் என்று சின்னச் சின்னதாக அடுக்கிக்கொண்டே போகும். பிறகு டிரம்ஸ் ஏறும், கிடார் ஏறும், கடைசியில் வார்த்தையே இல்லாமல் கிடார் மட்டும் நீளமாகப் பாடி முடிக்கும். ஸ்டேடியத்தில் ஒன்றாகப் பாடுவதற்கென்று செய்த பாட்டாக யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஐந்நூறு பேர் கூடிய கிராமத் திருவிழாவில், வாஸ்கோவே இல்லாத மேடையில், இதன் முதல் இரண்டு சுரம் வந்ததும் முன்வரிசையில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணும் பின்னால் பீர் கவுண்டரில் நிற்கும் அறுபது வயது மெக்கானிக்கும் ஒரே நேரத்தில் பாட ஆரம்பிப்பார்கள். பாடகர் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிடுவார். நான் குரல் சேனலில் கை வைக்க வேண்டிய தேவையே இருக்காது. கத்தலாக இருக்காது என்பதுதான் முக்கியம். மெதுவாகப் பாட வேண்டிய இடத்தில் அத்தனை பேரும் மெதுவாகப் பாடுவார்கள். வேறெந்தப் பாட்டுக்கும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

1980 முதல் 1983 வரையான நான்கு வருஷம்தான் அவரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. பெரும்பாலும் தவறான காரணங்களுக்காக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பமே பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார். பிரபல பத்திரிகையாளராக இருந்த நன்தாஸ் சல்வலாஜ்ஜோ அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். போதை ஆசாமியைத் தொலைக்காட்சியில் காட்டலாமா என்பது சாரம். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பத்து வருஷமாக வலது, இடது தீவிரவாதம். 1980 ஆகஸ்ட் 2 அன்று போலோன்யா ரயில் நிலையத்தில் வெடித்த குண்டுக்கு 85 பேர் பலி. அரசியலிலும் நம்பிக்கை போய், வேறெதிலும் பிடிப்பு வராமல் இருந்த ஒரு தலைமுறை இங்கே இருந்தது. 1981-இல் வந்த 'சியாமோ ஸோலோ நொய்' அவர்களைப் பற்றியது. இரவெல்லாம் சுற்றிவிட்டு விடியும்போது படுக்கிறவர்கள், யாரையும் வீரனாகக் கும்பிடாதவர்கள், ஒழுங்கான வாழ்க்கை இல்லாதவர்கள் என்று ஒரு பட்டியல். அதில் புகழ்ச்சியும் கிடையாது, கண்டிப்பும் கிடையாது. மலையடிவாரச் சின்ன ஊர்களில் பாரில் நேரம் போக்கிக்கொண்டிருந்த பையன்கள் முதல்முறையாகத் தங்களைப் பாட்டில் கேட்டார்கள்.

சான்ரெமோ பாட்டுப் போட்டியைப் பற்றிக் கதைகள் நிறைய சுற்றுகின்றன, அதனால் பிரித்துச் சொல்கிறேன். சான்ரெமோ என்பது 1951 முதல் நடக்கும் விழா; நாடே தொலைக்காட்சி முன்னால் உட்காரும். வாஸ்கோ அங்கே இரண்டு முறை போட்டியிட்டார். 1982-இல் 'வாதோ அல் மாஸ்ஸிமோ'. அதில் சல்வலாஜ்ஜோவுக்குப் பெயர் சொல்லாமல் ஒரு பதிலும் உண்டு. 1983-இல் 'வீத்தா ஸ்பெரிகொலாத்தா'. பாட்டு முடிவதற்குள் மேடையைவிட்டு நடந்துபோனார், இசை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இது நடந்தது. "கடைசி இடம் வந்தார்" என்று இங்கேயே பலர் சொல்வார்கள், அது சரியில்லை. கடைசிக்கு முந்தைய இடம். வென்றவர் திட்ஸியானா ரிவாலே. இன்று அந்த வருஷத்துப் பாட்டு என்று இத்தாலியில் யாரைக் கேட்டாலும் வாஸ்கோவுடையதைத்தான் சொல்வார்கள். ஸ்டீவ் மெக்குவீன் போலத் துணிந்து தாறுமாறாக வாழ வேண்டும், முடிவில் எல்லாரும் ஒரு பாரில் விஸ்கி கிளாஸோடு சந்திக்கலாம், அல்லது சந்திக்காமலே போகலாம், அவரவர் சங்கடம் அவரவருக்கு என்று போகிற பாட்டு அது. மேலே கொண்டாட்டம், அடியில் தனிமை. மெட்டு தூல்லியோ ஃபெர்ரோவுடையது. மேலே ஏறி ஏறி வந்து சட்டென்று இறங்கிவிடும் அந்த அமைப்புதான் பாட்டின் சோகத்தைச் சுமக்கிறது. அதே வருஷம் அவருடைய 'பொல்லிச்சீனே' பாட்டு ஃபெஸ்திவல்பார் போட்டியில் வென்றது. அத்தோடு விற்பனைக்குக் குறைவில்லாமல் போயிற்று.

அப்புறம் சிறை. 1984 ஏப்ரலில் கோகெயின் வைத்திருந்ததற்காகக் கைது. பெஸாரோ நகரில் 22 நாள் சிறை, அதில் ஐந்து நாள் தனிமைச் சிறை. பின்னால் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் கிடைத்தது. அப்போது வந்து பார்த்தவர்களில் ஃபாப்ரிட்ஸியோ தெ அந்த்ரேயும் அவர் மனைவி தோரி கெட்ஸியும் இருந்தார்கள் என்பதை வாஸ்கோ இன்றும் நன்றியோடு சொல்கிறார். அந்தத் தம்பதி சில வருஷத்துக்கு முன்புதான் சர்தீனியாவில் கடத்தப்பட்டு மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள். கவிதை போல எழுதிய பாடகர்களும் வாஸ்கோ போன்ற ராக் பாடகர்களும் எதிரெதிர் என்று நினைப்பவர்களுக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும்.

அதன் பிறகு வந்தது ஸ்டேடியம் காலம். 1987-இல் 'சே கி தீச்சே நோ' ஆல்பம். கூடவே வாசித்த ஸ்டீவ் ராஜர்ஸ் பேண்ட் பிரிந்து தனியாகப் போனது. அதில் இருந்த மாஸ்ஸிமோ ரீவா, அவரோடு சேர்ந்து பல பாட்டு எழுதியவர், பிறகு திரும்பி வந்தார், 1999-இல் இளம் வயதிலேயே இறந்தார். 1990 ஜூலையில் மிலானின் சான் சீரோ மைதானத்தை வாஸ்கோ முதல்முறை நிரப்பினார். அதே கோடையில் இத்தாலிக்கு வந்த வெளிநாட்டு நட்சத்திரங்களைவிட இவருக்குக் கூட்டம் அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. இன்றுவரை சான் சீரோவில் முப்பதுக்கும் மேற்பட்ட கச்சேரி செய்திருக்கிறார். 2024-இல் மட்டும் ஏழு. 1995-இல் அதே மைதானத்தில் யுகோஸ்லாவியப் போருக்கு எதிராக நடத்திய கச்சேரிகளில் சரயேவோ கலைஞர்களையும் மேடையேற்றினார்.

1996-இல் வந்த 'சாலி'யை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அடிபட்டுத் தேய்ந்த ஒரு பெண் தெருவில் நடக்கிறாள், அவ்வளவுதான் கதை. கிடார் ஒரே சுழற்சியில் போய்க்கொண்டிருக்கும். குரல் அவளைப் பற்றிப் பேசத் தொடங்கி, மெல்ல மெல்லத் தன்னைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிடும். ஃபியோரெல்லா மன்னொயா அதைத் தன் குரலில் பாடியபோது பாட்டின் ஆழம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வாஸ்கோவை வெறும் கூச்சல்காரர் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான். பெண்களுக்கு எழுதுவதில் அவருக்குத் தனிக் கை. 1997 சான்ரெமோவில் பத்தி ப்ராவோ பாடிய பாட்டும், 2000-இல் இரேனே கிராந்தி பாடிய பாட்டும் இவர் பங்கேற்று எழுதியவை.

2011-இல் இனிமேல் ராக் நட்சத்திர வாழ்க்கை போதும் என்று அறிவித்தார். இதய உள்ளுறையில் பாக்டீரியாத் தொற்று வந்து நீண்ட காலம் மருத்துவமனையில் கிடந்தார், உயிர் போகும் நிலை வரை. 2012-இல் பல வருடத் துணைவியைத் திருமணம் செய்துகொண்டார். 2014-இல் புதிய ஆல்பத்தோடு திரும்பினார். ஆகவே 2017 மோதெனாவுக்குக் கூட்டம் வந்ததில் இன்னொரு காரணமும் உண்டு: போய்விடுவார் என்று பயந்தவர்கள், திரும்பி வந்தவரைப் பார்க்க வந்தார்கள்.

அந்தக் கச்சேரியின் தொழில் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல ஆசை. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அவ்வளவு பெரிய புல்வெளியில் மேடை ஸ்பீக்கரை மட்டும் நம்பினால் பின்னால் இருப்பவர்களுக்குக் கஞ்சித் தண்ணீர் மாதிரிதான் பாட்டுக் கேட்கும். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் மைதானம் நெடுக ஸ்பீக்கர் கோபுரங்களை நட்டு, ஒவ்வொன்றுக்கும் தூரத்துக்கு ஏற்றபடி ஒலியைத் தாமதித்து அனுப்புவோம். ஆனால் கூட்டத்தின் குரலைத் தாமதப்படுத்த முடியாது. பின்வரிசையில் பாடுவது மேடைக்கு வந்து சேரும்போது பாட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். காதுக்குள் பொருத்தும் மானிட்டர் இல்லாமல் அங்கே யாரும் தாளத்தில் நிற்க முடியாது. இதற்கு மேல் பாதுகாப்புக் கவலை. மே மாதம் மான்செஸ்டர் கச்சேரியில் குண்டு வெடித்தது, ஜூன் 3 அன்று தூரின் நகரச் சதுக்கத்தில் கூட்ட நெரிசல். அதற்கு நான்கு வாரம் கழித்து இரண்டேகால் லட்சம் பேர் வந்து, மூன்றரை மணி நேரம் பாட்டுக் கேட்டு, பெரிய அசம்பாவிதம் இல்லாமல் வீடு திரும்பினார்கள். மோதெனா நகர நிர்வாகத்துக்கும் தன்னார்வலர்களுக்கும் சேர வேண்டிய பெருமை அது. ஆரம்பகாலத்திலிருந்து அவருடைய ஆல்பங்களைத் தயாரித்த குயிதோ எல்மி இதைப் பார்த்துவிட்டு, அந்த ஜூலை முடிவதற்குள் இறந்துபோனார்.

நாம் ஏன் கேள்விப்படவில்லை என்பதற்கு வருகிறேன். ஏரோஸ் ரமட்ஸோத்தி, லௌரா பௌஸீனி இருவரும் ஸ்பானிஷில் பாடி லத்தீன் அமெரிக்காவைப் பிடித்தார்கள். ஸுக்கெரோ ஆங்கிலத்தில் பாடினார். வாஸ்கோ அந்த வழியில் போகவில்லை. லண்டன் போன்ற நகரங்களில் பாடியிருக்கிறார், அங்கும் அரங்கத்தில் நிறைந்தது புலம்பெயர்ந்த இத்தாலியர்களே. அவருடைய மெட்டுகள் அமெரிக்க ராக் தெரிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. அந்த வகையில் வெளியே கொண்டுபோய் விற்பதற்குத் தனிச் சரக்கு என்று ஏதுமில்லை. தனித்தன்மை முழுவதும் அந்தப் பேச்சில், மோதெனா இருக்கும் எமிலியா வட்டாரத்தின் இழுவையில், சொல்லாமல் விடும் இடங்களில் இருக்கிறது. அது இத்தாலியக் காதுக்கு மட்டும்தான் முழுதாகப் போய்ச் சேரும்.

அவர் கவிஞரா என்று இங்கே ஓயாத சண்டை. 2005-இல் மிலானின் யூல்ம் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. 2012-இல் அவருடைய பாட்டுகளை வைத்து லா ஸ்காலா ஓபரா அரங்கில் பாலே நடந்தது. இவையெல்லாம் தீர்ப்பு ஆகாது. என் பார்வையில் அவருடைய உச்சம் 1979 முதல் 1983 வரை, அப்புறம் 1996-இல் ஒருமுறை. 2004-இல் வந்த 'ஊன் சென்ஸோ' நல்ல பாட்டு. அதற்குப் பிறகு வந்த ஆல்பங்களில் பழைய சூத்திரத்தின் மறுபதிப்பு அதிகம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980-இல் வந்த 'கொல்பா தல்ஃப்ரேதோ' பாட்டில் கறுப்பின மனிதரையும் ஒரு பெண்ணையும் இழிவாகச் சொல்லும் வரி இருக்கிறது. ஏமாந்துபோன ஒருவனின் வாயில் வரும் பேச்சு அது என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். பாட்டின் அமைப்பு அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மோதெனாவில் அதையே முதல் பாட்டாக வைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

கேட்டுப் பார்க்க விரும்பினால் ஆல்பம் வரிசையில் போகாதீர்கள், ஆரம்பப் பதிவுகளின் ஒலித்தரம் சலிப்புத் தரும். முதலில் 'சாலி', பிறகு 'வீத்தா ஸ்பெரிகொலாத்தா'வின் ஸ்டுடியோ பதிவு. அதன் பிறகு 'அல்பாகியாரா'வை 1979 பதிவில் ஒருமுறை, மோதெனா மேடைப் பதிவில் ஒருமுறை, அடுத்தடுத்துக் கேளுங்கள். வார்த்தை புரியாவிட்டாலும் முதல் பதிவில் ஒருவர் பாடுவதும் இரண்டாவதில் யார் பாடுகிறார்கள் என்பதும் காதுக்குத் தெரிந்துவிடும்.